எரிந்த சிப்பும் ஆரோக்கியசாமியின் பெயரும்

செய்தி வந்தபோது நான் ஒகேனக்கல்லில் வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தேன். அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத முடியாது. அன்று காலை எங்கள் பாலிடெக்னிக்கில் புதிய ஆய்வகத்தின் திறப்பு விழா. முடிந்ததும் சிறப்பு விருந்தினரையும் அவர் குடும்பத்தையும் கல்லூரி வேனில் அருவிக்கு அழைத்துப் போகும் வேலையை முதல்வர் என்னிடம் கொடுத்திருந்தார். அவர்கள் பரிசலில் போயிருந்தார்கள், நான் கரையில் மீன் கடையில் நின்றேன். அலுவலக உதவியாளர் போன் செய்தார். "சார், நம்ம லேப் ஆரோக்கியம் போயிட்டாருங்க. ஃபவுண்டன்ல கரண்ட் அடிச்சிருச்சு."

நான் உடனே கிளம்பவில்லை. விருந்தினரைப் பாதியில் விட்டுவிட்டு வரக் கூடாது என்று அடுத்த அழைப்பில் முதல்வர் சொன்னார். பரிசல் திரும்பும்வரை காத்திருந்தேன்.

ஆரோக்கியசாமியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மின்னியல் துறையில் படித்துப் போன எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். ஐ.டி.ஐ. முடித்து, போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையில் பல வருடம் இருந்துவிட்டு, ஆய்வக உதவியாளராக இங்கே வந்தவர். நான் விரிவுரையாளர், அவரைவிடப் பத்து வயது இளையவன். நான் அவரை அண்ணா என்றேன். அவர் என்னை சார் என்றார். மற்ற எல்லோருக்கும் அவர் வெறும் 'லேப்'. 'லேப்பைக் கூப்பிடு', 'லேப் எங்கே போச்சு' என்றுதான் அந்தக் கட்டடத்தில் அவர் பெயர் ஒலித்தது.

அவரை அடக்கம் செய்த மறுநாளே கல்லூரி ஒரு விசாரணை அறிக்கையைத் தயார் செய்துவிட்டது. ஊழியர் மின் இணைப்பை நிறுத்தாமல் தொட்டியில் இறங்கினார், கவனக்குறைவே காரணம் என்கிறது அது. உடன் வேலை செய்தவன் என்ற முறையில் அதன் அடியில் என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்கள். நான் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி ஸ்டெல்லா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க கூடவே இருந்தீங்களே சார். அவரு கவனமில்லாம வேல செய்யறவருங்களா?"

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அதற்கு ஒரு பொம்மை ரயில் எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லூரி நிறுவனர் என்றோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த எஞ்சின் அது. ஒரு முழம் நீளம், கறுப்பு நிறம், கையில் எடுத்தால் அம்மிக்குழவி போலக் கனக்கும். முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் வருடக்கணக்காக நின்றது. புதிய ஆய்வகத்தில் அதை டிஜிட்டல் முறைக்கு மாற்றி ஓட்டிக்காட்ட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. ஆய்வகத்துக்கு நல்ல மீட்டர்கள் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. பொம்மை ரயிலுக்கு மட்டும் ஒரே வாரத்தில் அனுமதி வந்தது.

எஞ்சினைப் பிரித்தபோது பழைய கிரீஸ் வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. ஆரோக்கியசாமி அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டே மாணவர்களுக்கு விளக்கினார். பழைய முறையில் தண்டவாளத்தில் எவ்வளவு மின்சாரம் விடுகிறோமோ அவ்வளவு வேகம், நிறுத்தினால் வண்டி நிற்கும். புது முறையில் தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் முழுதாக இருக்கும். எஞ்சினுக்குள் வைக்கும் சிறிய சிப்புக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு உத்தரவு வந்தால்தான் அது மோட்டாரை ஓட்டும். இதை அவர் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வண்டி நிக்குதேன்னு கரண்ட் இல்லன்னு நெனச்சிராதீங்க தம்பி. நிக்கிற வண்டிக்குக் கீழயும் முழு கரண்ட்டு ஓடிட்டு இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "பொம்மைக்குக்கூட நம்பர் போட்டுக் கூப்புடறாங்க சார், நானுந்தான் லேப்பா இருக்கேன்" என்றார். சிரித்தோம்.

அந்த வேலையில் ஓர் இடம் ஆபத்தானது. பழைய எஞ்சினில் மோட்டாரின் ஒரு முனை நேராக இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்கும். ஒரு பக்கத்துச் சக்கரங்களிலிருந்து மின்சாரம் சட்டம் வழியாகவே மோட்டாருக்குப் போகும், அதனால் ஒரு வயர் மிச்சமாகும். சிப் வைக்கும்போது அந்தத் தொடர்பை முழுவதுமாக அறுக்க வேண்டும். கொஞ்சம் தொட்டிருந்தாலும் சிப் எரிந்துவிடும். காயில் கட்டும் கடையில் வைக்கும் தடித்த காகிதத்தை வெட்டி மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்தார். மோட்டாரைப் பொருத்தும் இரும்புத் திருகாணி அந்தக் காகிதத்தைத் தாண்டிப் போய்ச் சட்டத்தைத் தொடும் என்பதால், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடியை அறுத்து பிளாஸ்டிக் திருகாணி ஒன்று செய்யத் தொடங்கினார். கடைசியில் மீட்டரின் ஒரு முனையை மோட்டாரிலும் மறு முனையை சட்டத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். தொடர்பு இருந்தால் மீட்டர் கத்தும். "கண்ணு சரின்னு சொல்லிரும் சார். காதைக் கேட்டுட்டு சுவிச்சு போடுங்க" என்பார்.

பாதி வேலையில் தாளாளர் வீட்டு ஏ.சி. ஓடவில்லை என்று அவரை அழைத்துப் போனார்கள். கல்லூரி ஊழியர் எதற்கு அங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து முதல்வர் ஆய்வகத்துக்கு வந்தார், வண்டி ஓடுமா என்றார். ஓடும் என்று காட்டும் அவசரம் எனக்கு. பழைய இரும்புத் திருகாணியையே முடுக்கினேன். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. தண்டவாளத்தில் வைத்து சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் நகரவில்லை. அதன் புகைபோக்கி வழியே மெல்லிய புகை வந்தது. அதுவும் ஒரு வசதி என்று நினைத்து முதல்வர் கைதட்டினார். நாற்றம் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

யார் செய்தது என்று அவர் கேட்டபோது ஆரோக்கியசாமி திரும்பிவந்து வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். மேசையில் கிடந்த பாதி அறுத்த பிரஷ்ஷைப் பார்த்தார்.

"என் கைதாங்க சார் தவறிருச்சு."

நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்டு அவரே எழுதிக் கொடுத்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகலீங்களே சார், லேப்புக்கு மெமோ வந்தா யாருக்கு என்ன" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது பொம்மை, சிப்போட போச்சு. இனிமே டெஸ்ட் பண்ணாம சுவிச்சு போடாதீங்க சார்" என்றார். அடுத்த சிப் வந்தது. இந்த முறை அவரே பொருத்தினார். மீட்டர் கத்தவில்லை. எஞ்சின் ஒரு முறை குலுங்கி, நத்தை வேகத்தில் நகர்ந்தது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது போர்ட்டிகோ முன்னால் ஒரு ஃபவுண்டன் முளைத்தது. தண்ணீருக்குள் பம்பு, சுற்றிலும் ஸ்டீல் கம்பி. துப்புரவு வேலை செய்யும் முனியம்மா அலுவலகத்தில் வந்து, கம்பியைத் துடைத்தால் கையைக் கடிக்கிறது என்றார். "உன்னை மட்டும் கடிக்குதா முனியம்மா? புதுசில்ல, பழகிட்டா வால் ஆட்டும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். பம்பில் மின்கசிவு. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றிவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போட வருவார். ரயில் வேலைக்கு அவரை முழுநேரமும் இழுத்துக்கொண்ட நாட்களில் அது நின்றுபோயிருந்தது. வேறு யாருக்கும் அப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது. பம்பை மாற்றச் சொன்னார், நேரமில்லை என்றார்கள். குழியில் தண்ணீர் ஊற்றினார். கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுக்கும் டிரிப் சுவிட்ச் ஒன்றைத் தேடிப் பிடித்து ஃபவுண்டன் லைனில் மாட்டினார்.

ஒத்திகையில் ஃபவுண்டன் மூன்று முறை நின்றது. விருந்தினர் முன்னால் நின்றால் தன் மானம் போகும் என்று முதல்வர் கத்தினார். டிரிப் சுவிட்சைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் போய் ஆரோக்கியசாமியிடம் சொன்னேன்.

"அது சும்மா விழலீங்க சார். ஆபத்துன்னு கூப்புடுது."

"ஒரு நாளைக்குத்தானேண்ணா."

"இதை நீங்க சொல்றீங்களா, அவரு சொல்றாருங்களா?"

"நான்தான் சொல்றேன்."

முதல்வர் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் நேராகப் போய்ச் சண்டை போட்டிருப்பார். எனக்கு அது தெரியும். என்னிடம் அவரால் சண்டை போட முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னேன். அவர் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினார். பிறகு பூந்தொட்டிகளைத் தூக்கிவந்து, யாரும் கம்பியைத் தொட முடியாதபடி சுற்றி அடுக்கினார். விழா முடிந்த நிமிஷம் நானே பிரித்துவிடுவேன் என்றார்.

விழாவில் எஞ்சின் அழகாக ஓடியது. விருந்தினரின் பேத்திக்கு அது பிடித்துவிட்டது. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஆரோக்கியசாமியை மேசையிலேயே நிறுத்திவைத்தேன். அவர் இரண்டு முறை ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு நான் விருந்தினரோடு வேனில் ஏறிவிட்டேன்.

மிச்சத்தை முனியம்மா சொன்னார். வேறு யாரும் அவரிடம் கேட்கவில்லை. "நான் பாத்தேன் சார். போர்டுல சுவிச்ச நிறுத்திட்டுத்தான் தொட்டியில எறங்குனாரு. பம்பு மேல கைய வச்சாரு. யாரோ ஃபோட்டோ எடுக்கணும், தண்ணி போடுங்கன்னு சத்தம் போட்டாங்க. தண்ணி பொங்குச்சு." சுவிட்சைப் போட்டது யார் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. ஃபோட்டோ கேட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். டிரிப் சுவிட்ச் இருந்திருந்தால் அந்த நொடியே விழுந்திருக்கும்.

விசாரணை அறிக்கையின் பின்னிணைப்பில் இரண்டு நகல்கள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய மெமோவும், அவர் எழுதிய மன்னிப்புக் கடிதமும். 'ஏற்கெனவே கவனக்குறைவுக்காக விளக்கம் கேட்கப்பட்டவர்.' என் தவறைச் சுமந்து அவர் எழுதிய ஒரு பக்கத்தை வைத்துத்தான் அவர் சாவுக்கு அவரையே பொறுப்பாக்கியிருக்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சிப்பை எரித்தது நான். நேர் இணைப்புக் கொடுக்கச் சொன்னது நான். எனக்குச் சொன்னது முதல்வர். ஆரோக்கியசாமி சுவிட்சை நிறுத்திவிட்டு இறங்கியதைப் பார்த்தவர் முனியம்மா. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஒரு பிரதி காவல் நிலையத்துக்கும், ஒரு பிரதி ஸ்டெல்லாவுக்கும். முதல்வர் கூப்பிட்டு, நல்லா யோசிச்சுக்கோங்க தம்பி என்றார். அதுவரை என்னை அவர் தம்பி என்று அழைத்ததில்லை. கடிதத்தை வாசித்த ஸ்டெல்லாவும் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் ஆரோக்கியசாமியின் மீட்டரை எடுத்துவந்து கொடுத்தார். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்ட ரப்பர் வளையம் அதன் உடைந்த மூடியை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நேற்றுக் காலை ஃபவுண்டனை மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். முனியம்மா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "இன்னும் கடிக்குதுங்க சார்." மீட்டரோடு போய்ப் பார்த்தேன். பம்பு அதேதான். ஆரோக்கியசாமி முறுக்கிய இரண்டு முனைகளும் அப்படியே இருந்தன. மெயினை நிறுத்தினேன், பெட்டியைப் பூட்டினேன். எர்த் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். சாவியைக் கேட்டு இதுவரை மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்த மீட்டர். அவர் பெயரில் கிடந்த என்னுடைய இரண்டு தவறுகளையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.