ஓரகத்திகளுக்கு நடுவே ஒரு பலகை

வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர்களைக் கையாலேயே பூட்டும் சின்னத் தொழிற்சாலை அது. தஞ்சாவூருக்கு வெளியே இருந்தது. யார் எங்கே உட்கார வேண்டும், எந்தச் சாமான் யார் கைக்கு எட்ட வேண்டும், எங்கே நேரம் வீணாகிறது என்றெல்லாம் பார்த்துச் சரிசெய்வது என் வேலை. முதலாளி அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் அவரைப் பாய் என்போம். குறுவை நடவு முடிந்து மருந்தடிக்கும் நேரம் நெருங்கியதால், வலங்கைமான் கடைக்காரர்கள் காலையிலிருந்தே அவரைப் போனில் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேசை வரிசையின் நடுவில் இரண்டு பெண்கள். இளையவர் டேங்கின் அடியில் மோட்டாரைப் பொருத்துவார். மூத்தவர் அதில் குழாயை மாட்டுவார். அங்கேதான் வேலை தேங்கியது. போனில் படம் பிடித்து, சாப்பாட்டு நேரத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இளையவர் டேங்கை மேசையில் வைத்துவிட்டுக் கையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார். அதற்கப்புறம்தான் மூத்தவரின் கை வருகிறது. மோட்டார் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். அவர் அதைத் திருப்பிக்கொள்கிறார்.

மேசை உயரம்தான் கோளாறு என்று முடிவுகட்டி, தச்சரை வரவழைத்துக் கால்களை அறுக்கச் சொன்னேன். மேசை குட்டையானது. வேலை அப்படியேதான் நடந்தது.

கடைசியில் இளையவரிடம் கேட்டுவிட்டேன். "ஏங்க, நேரா அவங்க கையிலயே குடுத்துடலாமே?"

"குடுக்கலாங்க. வாங்கறவங்க வாங்கணும்ல."

மூத்தவர் தலையை நிமிர்த்தாமல் என்னிடம் சொன்னார்: "குடுக்கற மாதிரி குடுத்தா யாருங்க வேணாங்கறா?"

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் என்பது பக்கத்து மேசையில் விசாரித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வேளாங்கண்ணிக்குப் போன வேனில் ஜன்னலோர சீட்டுக்காக முட்டிக்கொண்டவர்கள், அன்றிலிருந்து பேசுவதில்லை. என் படிப்பில் கை அசைவுக்கெல்லாம் பாடம் இருந்தது; ஜன்னலோர சீட்டுக்கு இல்லை.

"ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி உக்கார வச்சிடலாமா பாய்?" என்றேன்.

"வேணாம்மா. யாரை மொதல்ல எழுப்புறமோ அவங்க கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. இப்ப எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

அதனால் இருவருக்கும் நடுவே ஒரு சரிவுப் பலகை வைத்தேன். டேங்க் ஒரே பக்கமாகத்தான் உட்காரும்படி அதில் கட்டைகள் அடித்திருந்தேன். இளையவர் வைத்தால் போதும், அது தானாக வழுக்கி, குழாய் மாட்ட வேண்டிய பக்கம் முன்னால் வரும்படி மூத்தவரிடம் போய் நிற்கும். யாரும் யார் கையையும் தொட வேண்டாம், முகத்தையும் பார்க்க வேண்டாம். எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

சரிவு மட்டும் கொஞ்சம் அதிகம். மறுநாள் காலை ஒரு டேங்க் வேகமாக இறங்கி, மூத்தவரின் டீ கிளாஸைத் தட்டிவிட்டது. டீ முழுக்க அவர் புடவையில்.

"மெல்லத் தள்ளச் சொல்லுங்க" என்று என்னைத் தேடினார். நான் ஷெட்டின் மறுகோடியில் இருந்தேன். சொல்லியனுப்ப ஆள் இல்லாததால் நேராகவே திரும்பினார். "ஏன்டி, மெல்லத் தள்ளினா என்ன?"

"நா எங்கக்கா தள்ளுனேன்? அதுவா ஓடுது. பலகை போட்டவங்களக் கேளுங்க."

சற்று நேரத்தில் இருவரும் சேர்ந்தே என்முன் வந்து நின்றார்கள். "பலகையா இது, சறுக்கு மரமா?" என்றார் மூத்தவர். இளையவர் அவருடைய ஈரப் புடவையைச் சாட்சிக்குத் தூக்கிக் காட்டினார். நான் மூத்தவர் பக்கத்து முனைக்கு அடியில் செங்கல் வைத்துச் சரிவைக் குறைத்தேன். அன்று மாலைவரை இருவரும் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கேட்கும்படியாகவே.

அந்த வாரக் கடைசியில், குழாய் மாட்டும் இடத்தில் டேங்க் தேங்கவே இல்லை. பாய் வந்து பார்த்து, "எல்லா மேசைக்கும் இதே மாதிரி பலகை போட்டுடுங்கம்மா" என்றார்.

போடலாம்தான். ஆனால் அவர் போனதும் திரும்பிப் பார்த்தேன். இளையவர் பேச்சுவாக்கில் டேங்கைத் தூக்கி நேராக மூத்தவரின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பலகையின் மேல் இரண்டு டிபன் பாக்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கட்டைகளில் முட்டி நின்றதால் அவை வழுக்கவும் இல்லை.