போதும் என்று சொல்லும்வரை

செய்தி வந்தபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. எங்கள் அலுவலகக் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடும். அதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் மனைவி வேலை பார்த்த பள்ளியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"சார், டீச்சர் மேடையில விழுந்துட்டாங்க. கொஞ்சம் வரீங்களா?"

"விழுறதுக்குத்தானேம்மா அவளுக்குச் சம்பளமே," என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். மறுமுனையில் அந்தப் பெண், "சீக்கிரம் வாங்க சார்," என்றாள். அதன் பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

இருபத்தோரு ஆண்டுகள் ஒரே பள்ளியில் அவள் நாடக ஆசிரியை. அதற்கென்று அங்கே தனி அறை கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு கோடியில் இருக்கும் மேடைதான் அவளுடைய வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்து, மேசைகளைத் துடைத்து, ஈரத்துணி வாடை அடங்கிய பிறகுதான் ஒத்திகை தொடங்க முடியும். ஆண்டு விழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வீட்டில் வேலை ஆரம்பித்துவிடும். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் கட்டிக் காட்சிகளை எழுதுவாள். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், யாருக்கு உடை மாற்ற நேரமில்லை, எந்த இரண்டு பேரை அடுத்தடுத்து நிறுத்தினால் பேசிச் சிரித்துக் காரியத்தைக் கெடுப்பார்கள், எல்லாம் அதில் இருக்கும். தாள்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம்.

பிள்ளைகளிடம் வசனம் போவதற்கு முன்னால் என்னிடம் ஓட்டிப் பார்ப்பாள். நான் ராணியாக இருந்திருக்கிறேன், திருடனாக இருந்திருக்கிறேன். ஒருமுறை கழுதை.

"இதுதாங்க உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

"பதினெட்டு வருஷமா உன் பொதியைச் சுமக்கிறேன்ல, அந்தப் பழக்கம்தான்."

கணக்கு ஆசிரியருக்கும் அவளுக்கும் தீராத வழக்கு. "டீச்சர், உங்க ராஜா ராணியெல்லாம் என் பீரியடைத் தின்னுதான் வளர்றாங்க," என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொல்வாராம். "உங்க பீரியட்ல தூங்கித் தெம்பா வராங்க சார், அதனாலதான் இங்க நல்லா நடிக்கிறாங்க," என்பாளாம் இவள். ஆனால் விழா அன்று திரை இழுப்பவர் அவர்தான். வேறு யாரையும் கயிற்றைத் தொட விடமாட்டார்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன் ஒரு விழாவில், நடித்துக்கொண்டிருந்த பையன் மேல் அட்டை மரம் சாய்ந்துவிட்டது. அடி ஒன்றுமில்லை. பையன் பேச்சை நிறுத்தினான், மற்றவர்களும் நிறுத்தினார்கள், கூடமே சிரித்தது. அழுதுகொண்டே இறங்கியவன் அதற்குப் பிறகு மேடைப் பக்கமே வரவில்லை. அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வருடத்திலிருந்து முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிடுவாள்: "நான் 'போதும்'னு சொல்ற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது. கூரையே விழுந்தாலும் சரி." சொன்னதோடு விடவில்லை. நடுக்காட்சியில் வேண்டுமென்றே வாளியை உருட்டுவாள், விளக்கை அணைப்பாள், மயங்கி விழுவதுபோல் சரிவாள். அசையாமல் நடித்து முடித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய். ஒத்திகை தொடங்கிய நேரத்தையும், "போதும்" சொன்ன நேரத்தையும் ஒரு நீல நோட்டில் குறித்துவைப்பாள்.

இந்த வருட நாடகம் அவளே எழுதியது. சபையில் ராஜா செத்து விழுகிறார். அதைக் கவனிக்காமல் மந்திரிகள் அவருடைய நாற்காலிக்குச் சண்டை போடுகிறார்கள். முழுக்கச் சிரிப்பு நாடகம். ராஜா வேடம் போட்ட பையனுக்கோ விழும்போதெல்லாம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சாகும்போது பல்லைக் காட்டுவியாடா? தள்ளு, நான் விழுந்து காட்டுறேன்," என்று கிரீடத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு முறை விழுந்து எழுந்தாள். மூன்றாம் முறை விழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரிய மந்திரியாக நடித்த பெண் தன் வசனத்தைத் தொடங்கினாள். ஏழு நிமிடக் காட்சி. ஒரு சொல் விடாமல் நடித்து முடித்துவிட்டு, என் மனைவி "போதும்" சொல்வதற்காக அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மேசை துடைக்கும் அம்மாதான் ஏதோ சரியில்லை என்று மேலே ஏறிப்போய் அவள் கையைத் தொட்டது.

ஆஸ்பத்திரி நடைவழியில் டாக்டர் என்னிடம், "ஒரு அஞ்சு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

பத்தாம் நாள் அவளுடைய அலமாரியைக் காலி செய்யப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நாடகத்தை நிறுத்திட்டோம் சார். ஆனா அந்த மந்திரிப் பொண்ணு அன்னையிலேர்ந்து வாயே திறக்கல. வீட்டுலயும் அப்படித்தானாம். நீங்க ஒரு வார்த்தை பேசினீங்கன்னா..."

பிள்ளைகள் மேடை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு ஆசிரியர் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அந்தப் பெண்ணுக்கு எதிரில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு வயது இருக்கும். என்ன பேசுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"நாங்க உடனே கூப்பிட்டிருந்தா டீச்சர் பொழைச்சிருப்பாங்களா சார்?"

"இல்லம்மா. விழுந்த நொடியிலயே போயிட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு."

"நிஜமாவா சார்?"

"நிஜமாதான்."

பொய் நடிப்பு எது என்று என் மனைவியிடம் மூன்று வருடம் படித்த பெண். என் முகத்தையே பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை.

"நான் அவங்க காலைத் தாண்டித் தாண்டி நடந்தேன் சார். நல்லா நடிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

"எனக்குப் போன் வந்தப்ப நானும் நடிப்புன்னுதான் நினைச்சேன். கிண்டல்கூடப் பண்ணேன்," என்றேன். அது மட்டும் உண்மை.

அவள் முகம் கோணியது. பிறகு சத்தமாக அழுதாள். பத்து நாளில் முதல் தடவை என்று தலைமையாசிரியை பிறகு சொன்னார். அவள் அழுததும் வரிசையில் ஒவ்வொருவராக அழத் தொடங்கினார்கள். ராஜா பையன் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"சார், அன்னைக்கு யாரும் போதும்னே சொல்லல. நீங்க சொல்லிடுங்க சார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று எழுத்து. கழுதையாகக் கத்தத் தெரிந்த எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. மணி அடித்தது. கணக்கு ஆசிரியர் வந்து, "வாங்கடா, வாங்கம்மா, கிளாஸுக்குப் போவோம்," என்று அவர்களை இறக்கி அழைத்துக்கொண்டு போனார்.

அலமாரியில் இருந்ததை இரண்டு பைகளில் கொண்டுவந்தேன். நீல நோட்டில் அன்றைய வரி அவள் கையெழுத்தில் இருக்கிறது. தொடக்கம்: 2.15. முடிவு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.