மீன் இல்லாத புட்டி

என் மேசைமேல் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. அடியில் காய்ந்த கறுப்பு வண்டல், வெளியே மங்கிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். கழுவிப் பூச்செடி வைக்கலாமே என்கிறாள் மருமகள். அதைக் கொடுத்தவர் எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் அட்டெண்டர் அண்ணன்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கக் கல்லூரி ஒன்றில் நான் புது விரிவுரையாளர். ஆண்டுதோறும் கூவத்தில் வலைபோட்டு, என்னென்ன மீன் இருக்கிறதென்று பதிவேட்டில் எழுதுவது எங்கள் துறை வழக்கம். கூவமா என்று மூக்கைப் பிடிக்காதீர்கள். நகரத்துக்குள் நுழையும்வரை அதுவும் ஆறாகத்தான் ஓடியது. அண்ணன் அந்த ஆற்றங்கரை ஊர்க்காரர். இடுப்பளவு தண்ணீரில் நின்று அயிரை, ஆரல், கெளுத்தி, உளுவை, குரவை என்று பெயர் சொல்லிச் சொல்லி எடுத்துத் தருவார். ஃபார்மலின் புட்டியில் இறக்கி நான் சீட்டு ஒட்டுவேன்.

எனக்குக் கல்யாணமான வருடம் ஆற்றுப்பக்கமே போகவில்லை. போன வருடப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஜிலேபி மீன உட்டா வேற ஒண்ணும் இல்ல மேடம். அயிரைய கண்ணாலயே பாக்கல. ஒருவாட்டி வந்து பாத்துட்டு எழுதுங்க." அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சில மாதங்களில், புதிதாக வந்த சாயப்பட்டறை ஆற்றில் கழிவை விடுகிறதென்று அவர் ஊரார் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். இத்தனை மீன் வாழ்கிற ஆறு எப்படிக் கெட்டிருக்கும் என்றார். வலை போடுகிறவன் நீதானே, சொல்லேன் என்று ஊரார் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். உண்மை வெளியே வந்தால் என் வேலை போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை.

"எனுக்கு இன்னா தெரியும்? படிச்சவங்க எழுதிகிறாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் ஊர்க்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றார். மனு தள்ளுபடியானது.

மறுநாள் ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய இந்தப் புட்டியை என் மேசைமேல் வைத்தார். சீட்டில் ஊர், தேதி எல்லாம் அவர் கையெழுத்தில். மீன் பெயருக்கான இடம் மட்டும் காலி. "இத்தையும் எழுதிக்கோங்க மேடம்" என்றார். அதன்பிறகு அலுவலகப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பதிவேட்டைக் கடைசிவரை திருத்தவில்லை.

பல வருடம் கழித்து அவர் சாவுக்குப் போனேன். மூக்கை மூடிக்கொண்டுதான் அவர் ஊர் ஆற்றுப் பாலத்தைக் கடக்க முடிந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடியிருந்தவர்களிடம் சொன்னாள்: "காலேஜ் மேடம். ரொம்ப நல்லவங்கன்னு சொல்லிகினே இருப்பாரு."

புட்டியில் இருந்த தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. செடியெல்லாம் வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.