‘அண்ணா’ என்று அழைக்க உத்தரவு

இருபாலர் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு விதி எளிது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். இடம் இருந்தால் கேட்ட பாடப் பிரிவைத் தர வேண்டும். பிள்ளை ஆணா, பெண்ணா என்று பார்க்கச் சொல்லி அதில் ஒரு வரியும் கிடையாது. கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

ஆனால், விதியில் இல்லாததைச் செய்யத்தானே சிலர் பதவிக்கே வருகிறார்கள்?

கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு அப்படி ஒரு தலைமையாசிரியர் வந்தார். வெளி மாவட்டத்துக்காரர். வந்த சூட்டோடு பிளஸ் ஒன்னைப் பிரித்தார். கணினி அறிவியல் முழுக்கப் பையன்களுக்கு. உயிரியல் முழுக்கப் பெண்களுக்கு. ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது!

அன்று மாலையே பக்கத்து வீட்டுச் செல்வி, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு என் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் மகள் நந்தினி. செல்வியின் கணவருக்கு பெங்களூரில் கட்டட வேலை. அதனால் இங்கே எதற்கும் மனு எழுத நான்தான்.

“சார், பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் இல்லைன்னுட்டாங்களாம். பொட்டப் புள்ளைங்களுக்கு வேற கிளாஸாம். வூட்டுக்கு வந்ததுல இருந்து மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குதுங்க.”

“எனக்கு மார்க் இருக்குது சார். சீட்டும் இருக்குது” என்றாள் நந்தினி. “பசங்க இருக்கற கிளாஸ்ல நான் உக்காந்தா கம்ப்யூட்டர் ஓடாதா?”

நியாயமான கேள்வி. மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

“சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. உங்களுக்குத் தெரியாததா?” என்று நாற்காலியைக் காட்டினார் தலைமையாசிரியர்.

“தெரிஞ்சதாலதான் கேக்கறேன். எந்த ஆர்டர்படி பிரிச்சீங்க?”

“வாய்மொழி உத்தரவு சார்.”

“யாரோட வாய்?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். மாணவ, மாணவியரைத் தனித்தனிப் பாடப் பிரிவில் சேர்க்கச் சொல்லும் ஆணையின் நகல் வேண்டும் — ஒரே வரி. மனு எழுதுவதில் ஒரு ரகசியம் உண்டு. பதில் வரும் என்று எழுதக்கூடாது. மனு போயிருக்கிறது என்ற செய்தி பரவும் என்று எழுத வேண்டும்.

பரவியது. தலைமையாசிரியரே போன் செய்தார்.

“சார், மனுவெல்லாம் எதுக்கு… கேட்ட பொண்ணுங்களைச் சேர்த்துக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன்.”

அந்தக் கண்டிஷன் மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஏறியது. கணினிப் பிரிவு மாணவியர், சக மாணவர்கள் அனைவரையும் ‘அண்ணா’ என்றே அழைக்க வேண்டும். மாணவர்கள், மாணவியரைத் தங்கையாகக் கருத வேண்டும். கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

வெளியூர்க்காரர் என்று சொன்னேன் அல்லவா? அந்த வகுப்பில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. செல்வியின் அண்ணன் மகன் பிரபுவும் அதே வகுப்பு. அதாவது, நந்தினிக்கு முறைப்பையன். இருவருக்கும் பல் முளைப்பதற்கு முன்பே, பெரியவர்கள் பேசி முடித்துவிட்ட சம்பந்தம்.

பேசி முடித்தவர் பிரபுவின் அம்மா, செல்வியின் அண்ணி ராஜம்மா. “பிளஸ் டூ முடியட்டும், தட்டு மாத்திக்கலாம்” என்று போகிற வருகிற இடமெல்லாம் சொல்வார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிய வேண்டும் என்று ஒருமுறை சட்டத்தை எடுத்துச் சொன்னேன். “முடியட்டுங்க சார், காத்துக்கிட்டு இருக்கறோம்” என்றார் பெருந்தன்மையாக. நந்தினிக்குக் காலேஜ் போக ஆசை. “அண்ணி ஒத்துக்கணுமேங்க” என்பதோடு செல்வி நிறுத்திக்கொள்வார்.

ஆக, கம்ப்யூட்டர் வகுப்பு கிடைத்தும் அந்தப் பெண்ணுக்கு இரண்டே வருடப் பாதைதான். அதற்கப்பால் தாம்பூலத் தட்டு.

கொஞ்ச நாளில் அவர்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து, மொரப்பூர் மண்டபத்தில். எனக்கும் அழைப்பு. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் நந்தினி. ரச வாளியோடு வந்துகொண்டிருந்தான் பிரபு.

“பிரபு அண்ணா, இங்க கொஞ்சம் ரசம் ஊத்துங்க.”

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் பந்தியே கையை நிறுத்தியது. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ராஜம்மா திரும்பினார்.

“என்னாடி கூப்ட்ட?”

“அண்ணான்னு அத்தை.”

“அறிவு கெட்டவளே, அவன் உனக்கு முறைப்பையன்டி.”

“ஸ்கூல்ல அப்படித்தான் கூப்புடணும்னு எச்.எம். போர்டுல ஒட்டியிருக்காரு அத்தை. தெனம் கூப்ட்டுக் கூப்ட்டுப் பழகிப்போச்சு.”

ராஜம்மா மகனைப் பார்த்தார், அவனாவது மறுப்பான் என்று. அவனோ குனிந்து ரசத்தை ஊற்றிவிட்டு, “அப்பளம் வேணுமா தங்கச்சி?” என்றான். அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்க வேண்டுமே… அவனிடமும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்கள் உறவுக்காரர் ஒருவர் விடவில்லை. “அப்புறம் என்னா ராஜம்மா, பையனே சொல்லிப்புட்டான். இனிமே அண்ணன் சீர் செய்ய வேண்டியதுதான். பொண்ணு எடுக்கப் போனவ, சீர் எடுத்துக்கிட்டுப் போ.”

பந்தி சிரித்தது. ராஜம்மா கடைசி நம்பிக்கையாக என்னிடம் வந்தார்.

“சார், நீங்க சொல்லுங்க. அந்த ரூல்ஸ் இங்கியும் செல்லுமா?”

செல்லாது. தலைமையாசிரியரின் சுற்றறிக்கைக்குப் பள்ளி வளாகத்தைத் தாண்டி அதிகாரம் இல்லை. வளாகத்துக்குள்ளேயே அது செல்லுமா என்பது சந்தேகம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

“கையெழுத்து, ஸ்டாம்ப் எல்லாம் இருக்குதே” என்று சொல்லிவிட்டு, பாயசம் கேட்டேன்.

அதன் பிறகு ராஜம்மா தட்டைப் பற்றிப் பேசவில்லை. நாலு பேர் நடுவில் அண்ணன், தங்கை என்று ஆகிவிட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த வாயால் பேசுவது? செல்வியும் யாரிடமும் கேட்காமல் ஒரு நாள் பேங்கில் கல்விக் கடன் விசாரித்துவிட்டு வந்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கப் பள்ளிக்கூடம் பாடுபடுகிறது. சேர்த்து உட்கார வைக்க வீடு பாடுபடுகிறது. இரண்டு இடத்திலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு மட்டும் யாருக்கும் உத்தரவு வரவில்லை.

மனு என்ன ஆயிற்று என்கிறீர்களா? முப்பது நாளில் வர வேண்டிய பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். மௌனம். இரண்டாம் மேல்முறையீடு செய்தேன். தலைமையாசிரியர் மாறுதலில் போனார். பலகையில் இருந்த காகிதமும் வெயிலில் வெளுத்துக் கிழிந்தது. ஒருவழியாகப் பதிவுத் தபாலில் பதில் வந்தது: ‘தாங்கள் கோரிய ஆணை ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை.’

பெற்றுக்கொண்ட தேதி: நந்தினியைச் சேலத்தில் இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில் சேர்க்க, செல்வி பெட்டியோடு பஸ் ஏறிய நாள்.