பேசுகிற பாரம்

என்னால்தான் ஜீப் நிற்கிறது என்று முதலில் சொன்னவன் என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் அதை மறுக்காமல் யோசித்தார் பாருங்கள், அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் தோணிரேவில் அண்ணனும் தம்பியும் பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததை ஊருக்குப் பக்கத்து ஐஸ் கடைக்குக் கொண்டுபோக ஒரு பழைய டீசல் ஜீப்பை ஏலத்தில் எடுத்தார்கள். மணலில் மாட்டிக்கொண்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அந்த கியரைப் போடும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

ஜீப் வந்த அன்றே கொழுந்தன் அதன் அடியில் புகுந்துவிட்டான். தோணியிலேயே வளர்ந்தவன், ஓட்டையைக் கண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பலகை இடுக்கில் அடைக்கிற குங்கிலியப் பசையை ஒரு கொட்டாங்குச்சியில் எப்போதும் தயாராக வைத்திருப்பான். தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகரம், வாளி என்று வீட்டில் எல்லாவற்றையும் அடைத்து முடித்திருந்தான். எங்கள் வீட்டுக்கு இட்லி அப்போதுதான் புதிது. நான் ஆசையாக வாங்கி வந்த இட்லித் தட்டையும் ஒருநாள் ஓட்டை ஓட்டையாக அடைத்துக் கொடுத்து, "உங்கள நல்லா ஏமாத்திட்டான் அண்ணி" என்று கடைக்காரனைத் திட்டினான். ஜீப்பையும் அப்படித்தான் அங்குலம் அங்குலமாகத் தடவி அடைத்தான்.

"இனிமே ஏரியிலயே ஓட்டலாம்ண்ணே" என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

ஐஸ் கடை கிட்டத்தில் இருந்ததால் இறாலோடு வண்டி ஒழுங்காகவே ஓடியது. நான் ஏறிய அன்றுதான் வம்பு ஆரம்பித்தது. பொன்னேரிக்குத் துணி எடுக்கப் போனோம். பாதி வழியில் ஜீப் இருமியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. நாலு சக்கர கியரைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் முக்கியதே தவிர நகரவில்லை.

"நாலு சக்கரம் இழுத்தும் வரலன்னா இன்னாண்ணே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டுக் கொழுந்தன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"கொஞ்சம் எறங்கி நடமே" என்றார் என் வீட்டுக்காரர். "சும்மா ஒரு இதுக்குப் பாத்துடலாம்."

நான் இறங்கி நடந்தேன். அளவு காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்ததால், அவர்கள் வழக்கம்போல டேங்க் மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. மூடிவிட்டுக் கிளப்பியதும் வண்டி என்னைத் தாண்டிப் பறந்துபோய், தூரத்தில் நின்று ஹாரன் அடித்தது. பொன்னேரியை நெருங்கும்போது மறுபடி இருமல். மறுபடி நான் இறங்கினேன், அவர்கள் குச்சி விட்டார்கள், வண்டி ஓடியது.

பொன்னேரி மெக்கானிக் டீசல் பில்டரை மாற்றினார், ஏர் பில்டரைக் கழுவினார், பம்ப் போயிருக்கலாம் என்று தலையைச் சொறிந்தார். திரும்பும்போதும் நின்றது. பம்பை மாற்றுவதைவிட என்னை மாற்றுவது சுலபம் என்று அண்ணனும் தம்பியும் முடிவுக்கு வந்தார்கள்.

"நாலு கூடை எறால ஏத்துறீங்களே, அது என்னவிடக் கனம் இல்லியா?" என்று கத்தினேன்.

"கனந்தான் அண்ணி" என்றான் கொழுந்தன், ரொம்ப மரியாதையாக. "ஆனா எறாலு கம்முனு கெடக்குது. நீங்க பேசிக்கினே வர்றீங்க. பேசற பாரத்த வண்டி தாங்காது."

என் வீட்டுக்காரர் இதையும் யோசித்தார்.

தண்ணீர் எடுக்கப் போனால், "இன்னாக்கா, ஜீப்பயே நிறுத்திட்டியாமே" என்று பெண்கள் கேட்டார்கள். அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த வாரம் சுண்ணாம்புக்குளத்தில், என் அம்மா வீட்டில், தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. "நீ முன்னாடியே பஸ்ல போய்டு, நாங்க ஜீப்புல வந்துர்றோம்" என்றார் இவர். என் பிறந்த ஊரில், ஜீப்பின் முன் சீட்டிலிருந்து நான் இறங்குவதை என் நைனா பார்க்க வேண்டும். ஜீப் வாங்கிய நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். முடியாது என்று சொல்லிவிட்டு, புறப்படும் நாளன்று எல்லோருக்கும் முன்னால் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

பொன்னேரி தாண்டி ஜீப் இருமியது. நின்றது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எறங்க மாட்டேன்" என்றேன்.

அவர்கள் முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டார்கள். குச்சி விடுகிற வேலையை இந்தமுறை நானே செய்துவிட்டால் என்னை நடக்கவைக்கச் சாக்கு இருக்காது என்று நினைத்து, நான் சத்தமில்லாமல் இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திருகினேன். லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துத் திருகியதும், 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு. பயந்து பின்னால் தாவினேன். பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. முகர்ந்தால் குங்கிலியம். மூடியில் இருந்த ஓட்டையையும் கொழுந்தன் அடைத்திருக்கிறான்.

மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் மக்கு மக்கென்று வந்து நின்றுவிடும். காற்று உள்ளே போக எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும். அடுப்பு மூட்டுகிற எவளுக்கும் இது தெரியும். வண்டி ஓடியது நான் நடந்ததால் இல்லை, நான் நடந்த நேரத்தில் இவர்கள் மூடியைத் திறந்ததால்! கோபத்தில் காது சுட்டது. கூடவே சிரிப்பும் முட்டியது. தாலிச் சரட்டில் கிடந்த ஊக்கைக் கழற்றிப் பசையைக் குத்தி எடுத்தேன். மூடியை மாட்டிவிட்டுப் பூனைபோல வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன்.

பானெட் இறங்கியது. "இந்தத் தபா தம்பி எறங்கட்டும்" என்றேன். "சும்மா ஒரு இதுக்குப் பாத்துடலாம்."

கொழுந்தன் சிரித்துக்கொண்டே ரோட்டோரமாக நின்றான். இவர் கிளப்பினார். ஜீப் பிய்த்துக்கொண்டு போனது. கண்ணாடியில் தம்பி சின்னதாகிக்கொண்டே வருவதை என் வீட்டுக்காரர் வாய் பிளந்து பார்த்தார்.

"அடப்பாவி, அவனா!"

"நிறுத்தாதய்யா, நின்னுடப்போவுது" என்றேன். அவர் நிறுத்தவே இல்லை.

பந்தல் வாசலில் நைனா நின்றிருந்தார். நான் முன் சீட்டிலிருந்து, புடவையைச் சரிசெய்து, வேண்டுமென்றே மெதுவாக இறங்கினேன். அவர் என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

கொழுந்தன் பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்து, கடைசிப் பந்திக்கு வந்து சேர்ந்தான். சாயங்காலம் புறப்படும்போது ஜீப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் ஏறலாமா அண்ணி?"

"பேசாம வர்றதுன்னா ஏறு" என்றேன்.

தோணிரேவு வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. வண்டியும் எங்கேயும் நிற்கவில்லை.