மேகலா அடித்த மொட்டை

மேகலாவுக்கு உட்காரத் தெரியாது. பேரிகைப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் பிறந்து, நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். யாருக்கும் கை நசுங்காத நாளிலும் கட்டுத்துணியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருப்பாள். புருஷன் சிவராஜ் போன பிறகு கேட்கவே வேண்டாம். அவன் அதே கம்பெனியில் லேத் ஓட்டியவன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, யானை கடப்பதற்காகச் சானமாவுக் காட்டு வளைவில் விளக்கை அணைத்து நின்ற லாரியின் பின்னால் பைக்கோடு போய் மோதினான். அன்றைக்கு கேட்டில் அவனுக்குக் கடைசி சல்யூட் அடித்து அனுப்பியவன் வாட்ச்மேன் டில் பகதூர். அதற்கப்புறம் மேகலாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

நேபாளத்தில் பூமி குலுங்கிய செய்தி வந்த காலையில் அந்தப் பகதூர் முதலுதவி அறை வாசலில் வந்து நின்றான். அவன் ஊரில் வீடு விழுந்துவிட்டதாம். பெண்டாட்டி, பிள்ளை என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. அவன் ரயிலேறி, பஸ்ஸேறி, மலையேறிப் போய்ச் சேர வேண்டும்.

"அக்கா, டாக்டரம்மா டீம் ப்ளேன்ல போவுதாம். எங்க ஊருக்குப் போகச் சொல்லுங்க அக்கா. எனக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க. எம் பையன் பிபேக்கைப் பாத்துக்குங்க."

"நான் போறேன்னு உனக்கு யாருப்பா சொன்னா?"

"நீங்க போவீங்க அக்கா. எனக்குத் தெரியும்."

அவன் வாய் முகூர்த்தம் பலித்தது. டாக்டர் மாதேஸ்வரியின் தன்னார்வக் குழுவில் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் மாமியார் சரோஜம்மாளிடமே சொன்னாள்.

"உனக்குக் கால்ல சக்கரமாடி கட்டியிருக்குது? உம் புள்ள கோபியை யாரு பாக்கறது?"

"அவனுக்கு நீங்க இருக்கீங்க அத்தை. அந்தப் புள்ளைக்கு அங்க யாரு இருக்காங்கன்னே தெரியலையே."

சரோஜம்மாள் முறைத்தாள். பிறகு போய் ஸ்வெட்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

பகதூரின் ஊரில் முழுசாக நின்ற சுவர் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய்க் கூடாரங்கள். ஒன்றில் அவன் பெண்டாட்டி மன்மாயா, கால் நொறுங்கி, காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். ஹெலிகாப்டர் வரும்வரை சலைன்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தது. ஊசி மட்டும் கழன்றுவிடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பிபேக்குக்கு மண்டையில் காயம். முடி ரத்தத்தில் ஒட்டிச் சடை பிடித்து, அடியில் சீழ், மேலே பேன். மேகலா யோசிக்கவே இல்லை. வெந்நீரில் நனைத்து, பிளேடைப் பிடித்து, மழமழவென்று மொட்டை அடித்துவிட்டாள். புண்ணைக் கழுவி மருந்து போட்டாள்.

"அடேயப்பா, என்னா அழகுடா சாமி!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். தடவுவதற்குச் சந்தனம் இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை. பையன் அதற்கப்புறம் அவள் முந்தானையை விடவில்லை. அவனைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். ஒருத்திக்கு ஊட்டினாள், ஒருத்தனுக்குச் சளி துடைத்தாள், ஓயாமல் கூடாரம் கூடாரமாக ஓடினாள்.

மறுநாள் காய்ச்சல் தணிந்து மன்மாயா கண் திறந்தாள். முதல் வார்த்தையே "பிபேக்." மேகலா சந்தோஷம் தாங்காமல் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மன்மாயா மகனுடைய தலையைப் பார்த்தாள். வயிற்றிலிருந்து ஓர் அலறல் வந்தது. நெற்றி வகிட்டுக் குங்குமத்தைப் புறங்கையால் அழித்தாள். கையைக் கட்டில் இரும்பில் ஓங்கி ஓங்கி அடித்தாள். வளையல்கள் உடைந்து தெறித்தன. ஊசியும் பிடுங்கிக்கொண்டது. கையெல்லாம் ரத்தம்.

மேகலாவுக்குத் தமிழ் தெரியும், தெலுங்கும் கன்னடமும் தெரியும். ஹிந்தியில் தெரிந்தது 'ஜல்தி'யும் 'ருக்கோ'வும். ஆனால் வளையல் உடைப்பதைப் புரிந்துகொள்ள பாஷை எதற்கு? அவளும் உடைத்தவள்தானே.

"அடிப்பாவி மேகலா, என்ன காரியம் பண்ணிட்டே!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அப்பன் செத்தால் மகன் தலை மழிப்பது நம் ஊரிலும் உண்டு. ஆனால் நமக்குப் பச்சைப் பிள்ளையின் மொட்டை என்றால் காதுகுத்து, கறிவிருந்து, மாமன் மடி. இந்த மலையில் அது சாவு ஒன்றுதான் போலிருக்கிறது. வழியில் வந்துகொண்டிருக்கும் பகதூரை இவள் கொன்றே விட்டாள். போன் போட்டு அவன் குரலைக் கேட்க வைக்கலாம் என்றால் டவரே இல்லை.

மன்மாயா ஊசியைத் தொடவிடவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் ஓடிவந்து ஏதேதோ எடுத்துச் சொன்னதும் அவள் காதில் ஏறவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு தார்ப்பாய்ப் பக்கம் திரும்பிவிட்டாள். இப்படியே விட்டால் ஹெலிகாப்டர் வந்தும் பிரயோஜனமில்லை.

மேகலா போனை எடுத்தாள். சார்ஜ் சிவப்பில் இருந்தது. கோபிக்கு முதல் மொட்டை போடத் திருப்பதி போனபோது, "நாமளும் அடிச்சிக்கலாம்டி" என்று சிவராஜ் கிளப்பிவிட்டு எடுத்த போட்டோ. மூன்று மொட்டை, மூன்றிலும் சந்தனம், மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு. அதை மன்மாயாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கோபியைக் காட்டினாள், பிபேக்கின் தலையைத் தடவினாள், கைகொட்டிச் சிரித்துக் காட்டினாள்.

மன்மாயா வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலைச் சிவராஜின் முகத்தில் வைத்து, மேகலாவை நிமிர்ந்து பார்த்தாள். இவன் இருக்கிறானா என்ற கேள்வி அது.

"இருக்காரு" என்று மேகலா வேகவேகமாகத் தலையாட்டினாள். "நல்லா இருக்காரு."

மன்மாயா கையை நீட்டினாள். மேகலா ஊசியைக் குத்தினாள். போன் அதற்குள் அணைந்துவிட்டது.

ஹெலிகாப்டர் வந்து இறங்கிய அதே காலையில் பகதூரும் மலையேறி வந்து சேர்ந்தான். அழுது முடித்து, பெண்டாட்டி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மேகலா பக்கம் திரும்பினான்.

"அக்கா… 'வூட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு ஒருநாள் எங்க வூட்டுக்கு வாங்க'ன்னு சொல்றா."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"வரோம்னு சொல்லுப்பா" என்றாள் மேகலா.

பகதூர் பெண்டாட்டியிடம் அதைச் சொன்னான். ஒற்றை வார்த்தைக்குப் பதிலாக நீளமாகவே ஏதோ சொன்னான். மன்மாயா சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேகலா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். சிவராஜ் போனதிலிருந்து வராத அழுகையெல்லாம் வந்தது. அப்பாவோடு கிளம்பிய பிபேக் ஓடிவந்து அவள் மடியில் ஏறிக்கொண்டான். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.