பாய் வீட்டுப் பல்பு

நேற்று காலை இண்டக்‌ஷன் அடுப்பின் பொத்தானைத் தொட்டுவிட்டு, வழக்கம்போல அண்ணாந்து பல்பைப் பார்த்தேன். மங்கவில்லை. மங்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தினமும் பார்க்கிறேன். கழுத்து வலிதான் மிச்சம்.

அடுப்பு மகள் வாங்கி அனுப்பியது. கேஸைத் திறந்துவிட்டு நான் மறந்துபோவேனாம். மறதியெல்லாம் எனக்குக் கிடையாது. கள்ளக்குறிச்சியில் இருக்கும் இந்த வீட்டில் பிளக் பாயிண்டுகள் பதினான்கு. நான் பயன்படுத்துவது மூன்று. மனைவி இருந்தபோது ஒன்பது. மறதிக்காரன் இதையெல்லாம் சொல்வானா? புது அடுப்பு, பாத்திரத்தை வைத்தாலும் கத்துகிறது, எடுத்தாலும் கத்துகிறது. ஆனால் வாசனை இல்லை. சூடாகிற பொருளுக்கு ஒரு வாசனையும் இல்லையென்றால் அதை எப்படி நம்புவது, சொல்லுங்கள்.

கல்வராயன் மலையில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தபோது நான் வைத்திருந்த ஹீட்டருக்கு வாசனை உண்டு. வட்டமான மண் தட்டு, அதில் நெளிநெளியாகப் பள்ளம், பள்ளத்தில் சுருள் கம்பி. சுவிட்சைப் போட்டதும் தூசி கருகும் நெடி வரும். பின்னாலேயே, முந்தின நாள் பொங்கி வழிந்த சாமைக் கஞ்சி தீயும் நெடி. கம்பி அடிக்கடி அறுந்துபோகும். முனைகளை முறுக்கிச் சேர்த்துவிடுவேன். முறுக்க முறுக்கக் கம்பி குட்டையாகும். குட்டையான கம்பி கரண்டை அதிகமாக இழுக்கும். கணக்கு வாத்தியாரான எனக்கு இது புத்தகத்தில் தெரிந்தது. பக்கத்து வீட்டு பாய்க்கு அவர் வீட்டுப் பல்பில் தெரிந்தது.

பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். அவரும் அவர் மனைவி ஆமினாவும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஒரு சுவர். அடிவாரத்திலிருந்து மலையேறி வரும் கரண்ட் கம்பி எங்கள் இரண்டு வீட்டோடு முடிந்துபோகும். அவ்வளவு தூரம் ஏறி வந்த கரண்டில் தெம்பு எங்கே இருக்கும்? ஒரு வீட்டில் ஹீட்டர் போட்டால் அடுத்த வீட்டுப் பல்பும் சேர்ந்து சிவந்து, உள்ளே இருக்கும் இழையை எண்ணலாம் போலாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு வீட்டிலும் உலை கொதிக்காது. அதனால் முறை வைத்துக்கொண்டோம். காலையில் முதலில் அவர்கள். என் பல்பு மங்கியிருக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். பளிச்சென்று ஆனால் என் முறை. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

ஆனால் பாய் கூப்பிடாமல் இருக்க மாட்டார்.

“வாத்தியாரே, இன்னா பொங்கிக்கினு இருக்கீங்க? இங்க பல்பு உசுர உடுது.”

“சாமைதான் பாய்.”

“ஒரு வயித்துக்கா இவ்ளோ நேரம்? ஆனைக்குப் பொங்கறவன்கூட இந்நேரம் எறக்கியிருப்பான்.”

ஒரு மழைக்காலத்தில் சுரம் வந்து படுத்துவிட்டேன். மழைக்காகப் பள்ளிக்கூடமும் விடுமுறை. என்னைத் தேட ஆளில்லை. பல்பு மங்கியதையும், பிறகு பளிச்சென்று ஆனதையும் படுத்தபடியே பார்த்தேன். என் முறை வந்துவிட்டது. எழுந்து சுவிட்சைப் போடத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள்.

“எங்க வூட்டு பல்பு கல்யாண வூடு மாதிரி எரியுது. ஹீட்டர் போடலியா வாத்தியாரே?”

“சுரம் பாய்.”

“ஒரு கொரல் குடுத்தா இன்னா? செவுத்துக்கு அந்தாண்டதான கீறோம்.”

பின்னால் தூக்குவாளியோடு ஆமினா நின்றார். “கஞ்சிங்க சார். உப்பு கம்மியா போட்டிருக்கேன். கொற சொல்லாம குடிங்க.”

குறை சொல்லத்தான் செய்தேன். உப்பு கம்மிதான்.

அடுத்த வருஷம் எங்கள் பக்கத்துக்கு டிரான்ஸ்பார்மர் வந்தது. வேண்டுமென்று கேட்டவர்களில் பெரிய குரல் என்னுடையது. வோல்டேஜ் குறைவு என்று நான் புலம்பாத ஆள் அந்த மலையில் இல்லை. வந்த அன்று நானும் பாயும் ஒரே நேரத்தில் ஹீட்டரைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றோம். இரண்டு பல்பும் நிமிர்ந்து எரிந்தன.

“நல்லதுதான்” என்றார் பாய். “இனிமே நீங்க பொங்கினீங்களா, பட்டினி கெடக்கறீங்களான்னு எனக்கு எப்டி தெரியும்?”

வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

பிறகு மாற்றலாகி மலையிறங்கினேன். கல்யாணம், மகள், ஓய்வு எல்லாம் ஆயிற்று. பாயும் இல்லை, ஆமினாவும் இல்லை. ஹீட்டரும் எங்கோ போய்விட்டது.

போன மாதம் மறுபடியும் சுரம். அடுப்பையே தொடவில்லை. சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். “சாப்டீங்களாப்பா?” “ஆச்சும்மா” என்றேன். குரலை வைத்து அவள் என்னத்தைக் கண்டுபிடிப்பாள்? லீவு கிடைக்காத வேலை வேறு.

எதிர் வீட்டுச் சமையலறை ஜன்னல் என் கட்டிலுக்கு நேரே தெரியும். கணவன், மனைவி, குழந்தைகள் இருவர். பெயர் தெரியாது. அவர்கள் வீட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் சமைத்த நாளில் எப்படி எரிந்ததோ, சமைக்காத அன்றும் அது அப்படியே எரிந்துகொண்டிருந்தது.